ஒரு கன்னத் தண்ணீர்: ஜெருசலேமில் இரண்டு வாரம்

அக்டோபர் 3, 2022, திங்கள்

"அப்பா, மூணாம் தேதிக்குள்ள வந்துடுங்க. நாலாம் தேதி மத்தியானத்துக்கு மேல இங்க விமானமே இறங்காது" என்று மகள் சொன்னபோது ஏதோ வேலைநிறுத்தம் என்று நினைத்தேன். யோம் கிப்பூர் என்ற நோன்பு நாளுக்காக ஒரு நாடே தன் விமான நிலையத்தைப் பூட்டிவிடும் என்பது நாகர்கோவிலில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தோன்றும்? வந்து சேர்ந்துவிட்டேன். மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். வீடு நஹ்லாவோத் பகுதியில், மஹனே யெஹுதா சந்தைக்குப் பின்னால். நம் அக்ரகாரத்துச் சந்துகளை இன்னும் கொஞ்சம் நெரித்துவிட்டால் இந்தத் தெருக்கள் வந்துவிடும்.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கே போனாலும் கண் அளவைத்தான் முதலில் பார்க்கும். அதனால் இங்கே முதலில் பிடித்துக்கொண்டது நாட்காட்டி.

செப்டம்பர் 26 இவர்களுக்கு வருடப் பிறப்பு, 5783. அன்றைக்கு நமக்கு நவராத்திரி முதல் நாள். பத்தாம் நாள் இவர்களுக்கு யோம் கிப்பூர், தமிழ் பைபிளில் வரும் ‘பாவநிவாரண நாள்’. நமக்கு விஜயதசமி. இரண்டும் ஒரே வளர்பிறையின் தசமி! மாதத்தைச் சந்திரனுக்கும் வருடத்தைச் சூரியனுக்கும் கொடுத்துவிட்டு, இடைவெளியை அதிக மாதம் போட்டு அடைப்பது இங்கேயும் உண்டு. 19 வருடத்தில் 7 முறை கூடுதல் மாதம். நாம் சேர்க்கும் வருடமும் அவர்கள் சேர்க்கும் வருடமும் எப்போதும் ஒத்துப்போகாது, அதனால் அடுத்த வருடம் இந்தப் பொருத்தம் கிடையாது.

ஒரு விஷயம் நம் பஞ்சாங்கக்காரர்களுக்குப் பிடிக்கும். வருடப் பிறப்பு ஞாயிறு, புதன், வெள்ளிகளில் வரக்கூடாது. வந்தால் ஒரு நாள் தள்ளிவிடுவார்கள். புதனிலோ வெள்ளியிலோ வந்தால் யோம் கிப்பூர் சனிக்கிழமை ஓய்வுநாளை ஒட்டி விழும். அப்புறம் தொடர்ந்து இரண்டு நாள் அடுப்பு மூட்ட முடியாது, செத்தவரைப் புதைக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கான காரணம் வேறு, அது பதினாறாம் தேதி வரும்.

மாலையில் கீழ்வீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்தார். மகள் அறிமுகப்படுத்தியதும், "எவிடெ நின்னா?" என்று மலையாளத்தில் கேட்டார், எங்கிருந்து என்று. தூக்கிவாரிப் போட்டது. மட்டாஞ்சேரியில் பிறந்த கொச்சி யூதர். 1954-ல், பத்து வயதில், குடும்பத்தோடு இங்கே வந்தவர். அவருடைய மலையாளம் அந்தப் பத்து வயதிலேயே நின்றுவிட்டது. பம்பரம், மாங்காய், அடி எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. வங்கி, வாடகை என்று வந்தால் எபிரேயத்துக்குத் தாவுகிறார். நான் நாகர்கோவில் மலையாளத்தில் பதில் சொன்னேன். அவர் என்னைச் ‘சாரே’ என்கிறார். நான் அவரை அண்ணாச்சி என்கிறேன். இனி மகளின் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

அக்டோபர் 4, செவ்வாய்

காலையில் வீட்டிலிருந்து படம் வந்தது. சரஸ்வதி பூஜைக்கு என் பழைய அளவுச் சங்கிலிக்கும் காம்பஸுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறாள் வீட்டுக்காரி. நான் சந்தைக்குக் கிளம்பினேன்.

அங்கே ஒரு சந்தில் கோழிகள். ஒருவர் உயிருள்ள கோழியைப் பிடித்து ஒரு பையன் தலையைச் சுற்றி மூன்று முறை சுற்றுகிறார், "இது உனக்கு மாற்று, இது உனக்குப் பதில்" என்று ஏதோ சொல்லிக்கொண்டே. கப்பாரோத் என்று பெயர். நம் ஊரில் பூசணிக்காயையோ உப்பு மிளகாயையோ சுற்றிப் போடுகிற அதே கைவீச்சு. கோழியை அறுத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சட்டத் தொகுப்பு எழுதிய யோசேப் காரோ இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றார். அதே நூலுக்குக் குறிப்பு எழுதிய போலந்து நாட்டு மோசே இசெர்லஸ், முன்னோர் வழக்கம், மாற்றாதே என்றார். இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கிறதாம். அண்ணாச்சி கோழிக்குப் பதிலாகப் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து சுற்றிக்கொள்கிறார். "கோழிக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்?" என்றார்.

இன்றைக்குச் சாப்பிடுவதும் கடமை. ஒன்பதாம் நாள் நன்றாகச் சாப்பிட்டவன் ஒன்பதும் பத்தும் சேர்த்து நோன்பிருந்ததாகக் கணக்கு என்று இவர்களுடைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் இருக்கிறது. ஏகாதசிக்கு முதல் நாள் ஒருவேளை உணவு என்று வளர்ந்த எனக்கு இது கொஞ்சம் தாராளமாகத்தான் பட்டது.

மதியம் கீழ்வீட்டில் பார்த்ததை விவரமாக எழுத வேண்டும்.

அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. முழு நோன்பு கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே அதற்கு மேல் பேச்சில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் யோம் கிப்பூரே விலகி நிற்கும். ஆனால் ரபி (யூத மதகுரு) அவரை வெறுமனே ‘சாப்பிடுங்கள்’ என்று அனுப்பிவிடவில்லை. அளவு சொல்லி அனுப்பியிருக்கிறார். கி.பி. 200 வாக்கில் தொகுத்த சட்ட நூலான மிஷ்னாவில், கொட்டையோடு சேர்ந்த பெரிய பேரீச்சம்பழ அளவு தின்றாலோ, கன்னம் நிறையக் குடித்தாலோதான் நோன்பை முறித்த குற்றம் என்று இருக்கிறது. அதற்குக் குறைவாக, இடைவெளி விட்டு உட்கொண்டால் அந்தக் குற்றம் வராது. உணவு முப்பது மில்லி கொள்ளளவுக்குக் குறைவு. அடுத்த வாய்க்கு ஒன்பது நிமிட இடைவெளி. தண்ணீர் அவரவர் கன்னத்தின் கணக்கு.

அந்தக் கன்னத்தை இன்றே அளந்துவிட வேண்டும். அண்ணாச்சி ஒரு வாய்த் தண்ணீர் எடுத்து, ஒரு பக்கம் ஒதுக்கி, கன்னம் உப்பியதும் கண்ணாடித் தம்ளரில் துப்பினார். அவர் மனைவி தம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மார்க்கரால் கோடு போட்டார். நான் சும்மா இருப்பேனா? மருந்து மூடியில் ஊற்றிப் பார்த்தேன், நாற்பத்தைந்து மில்லி. "கோட்டை இன்னும் ஒரு நூல் இறக்குங்க" என்றேன். இறக்கினார். வேலையில் இருந்த காலம் முழுக்க வேலித் தகராறுக்குக் கோடு போட்டவன், இப்படி ஒரு எல்லைக்கல் நட்டதில்லை.

சூரியன் மறையுமுன் ஜெப ஆலயம். எனக்குக் கடைசி வரிசையில் இடம். எல்லோரும் வெள்ளை. வருடம் முழுக்கப் பகலில் மட்டும் போர்த்தும் தலீத் சால்வையை இன்று ஒருநாள் இரவிலும் போர்த்துகிறார்கள். தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருள்களை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டு, கோல் நித்ரே தொடங்கியது. மூன்று முறை. இது பிரார்த்தனையே அல்ல, அராமிய மொழியில் ஒரு சட்ட வாசகம்: நிறைவேற்ற முடியாத நேர்ச்சைகளையும் சத்தியங்களையும் ரத்து செய்கிற பத்திரம். கடவுளுக்குக் கொடுத்த வாக்கை மட்டும்தான் இது கரைக்கும், மனிதருக்குக் கொடுத்ததை அல்ல. அதற்கு முன், "தவறு செய்தவர்களோடு சேர்ந்து வேண்ட அனுமதிக்கிறோம்" என்று ஒரு வரி. அங்கே யார் தவறு செய்யாதவர் என்று நான் சுற்றிப் பார்த்தேன். யாரும் நிமிரவில்லை.

வெளியே வந்தபோதுதான் என் காலைக் கவனித்தேன், தோல் செருப்பு. இன்று தோல் செருப்பு ஆகாது. கோட்டு சூட்டோடு முனிசிபாலிட்டி உறுப்பினர் மாதிரி இருந்த ஒருவர் காலில் நீல நிற ரப்பர் கிராக்ஸ். எனக்கு அந்தச் சட்டம் கிடையாதுதான். ஆனாலும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலில் வீடு வந்தேன். அண்ணாச்சி சிரித்தார். மட்டாஞ்சேரியில் எல்லா நாளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஜெப ஆலயத்துக்குள் போவார்களாம். இங்கே வந்த புதிதில் ஷூவோடு உள்ளே நின்றவர்களைப் பார்த்து அவருடைய பாட்டி அழுதிருக்கிறாள்.

அக்டோபர் 5, புதன்

இதைப் பொழுது சாய்ந்த பிறகே எழுதுகிறேன். பகலில் போனைத் தொட மனம் வரவில்லை. தொட்டதற்குத் தண்டனையும் கிடைத்தது.

பெட்சலேல் சாலையில் ஒரு வாகனம்கூட இல்லை. ஆம்புலன்ஸ் மட்டும் எப்போதாவது. கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கச் சட்டம் எதுவும் இல்லை, யாரும் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். தொலைக்காட்சி, வானொலி, பேருந்து எல்லாம் நின்றுவிட்டன. நடுச்சாலையில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மத நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சைக்கிள் திருநாள். அந்த அமைதிக்கு நடுவே என் சட்டைப் பையில் நாதஸ்வரம் வாசித்தது. மைத்துனன், விஜயதசமி வாழ்த்துச் சொல்ல. அணைப்பதற்குள் முழுப் பல்லவியும் முடிந்துவிட்டது. ஐந்து வயதுப் பொடியன் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, வாயைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உண்ணுதல், குடித்தல் சேர்ந்து ஒன்று. குளித்தல், எண்ணெய் பூசுதல், தோல் காலணி, தாம்பத்தியம் என்று மொத்தம் ஐந்து விலக்கு. ஏறக்குறைய 25 மணி நேரம். பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதின்மூன்று வயதானால் நோன்பு கட்டாயம்.

மூன்று மணிக்குக் கீழே போனேன். அண்ணாச்சி சுவர்க்கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேசையில் சின்னச் சின்னதாக நறுக்கிய ரொட்டித் துண்டுகள், கோடு போட்ட தம்ளர், தண்ணீர்ச் சொம்பு. ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். முள்ளைப் பார்த்தார். பேச்சில்லை. ஒன்பது நிமிடம் ஆனதும் அடுத்த துண்டு. பண்டிகைச் சாப்பாடு மாதிரி எதுவும் இல்லை, உப்பில்லாத மருந்து மாதிரி. "முழுசாப் பட்டினி கிடந்திருந்தா இத்தனை தடவை மணி பார்த்திருக்க மாட்டேன் சாரே" என்றார். போன வருடம் வரை முழு நோன்பு இருந்தவர். அந்த வருத்தம் முகத்தில் இருந்தது. ரபியிடம் அழுதே கேட்டாராம், ஒரு வருடம் மட்டும் விட்டுவிடுங்கள் என்று. "இன்றைக்கு உனக்குக் கட்டளை இந்த ரொட்டிதான்" என்று அவர் சொல்லி அனுப்பினாராம்.

அன்றைக்கு இரண்டு மணிக்கு என்ன ஆச்சு தெரியுமா என்று கேட்டார். 1973, அக்டோபர் 6, யோம் கிப்பூர். அப்போதுதான் போர் தொடங்கியது. ஜெப ஆலயத்தில் இருந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முள் நகர்ந்தது, துண்டை எடுத்தார்.

மாலையில் அவரைக் கைபிடித்து ஜெப ஆலயத்துக்குக் கூட்டிப் போனேன். நெயிலா, அதாவது வாசல் அடைக்கும் நேரத்து வழிபாடு. யோனாவின் கதையை அதற்கு முன்பே வாசித்து முடித்திருந்தார்கள். நெஞ்சில் முஷ்டியால் குத்திக்கொண்டு சொல்லும் பாவப் பட்டியல் எபிரேய எழுத்து வரிசையில் இருக்கிறது. அ முதல் ன வரை எந்தப் பாவமும் தப்பாது. ‘செய்தேன்’ என்று யாரும் சொல்வதில்லை, எல்லாம் ‘செய்தோம்’. கடைசியில் "ஆண்டவரே கடவுள்" என்று ஏழு முறை கூவினார்கள். ஷோஃபார் கொம்பு ஒரே ஒரு நீண்ட ஊதல். இருபத்தைந்து மணி நேரம் தண்ணீர் படாத தொண்டைகளில் இருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் வெளிச்சம். காப்பி வாசனையோடு சேர்ந்து டங், டங் என்று சுத்தியல் சத்தம். நோன்பு முடிந்த கையோடு அடுத்த பண்டிகையின் பந்தலுக்கு முதல் ஆணி அடித்துவிட வேண்டுமாம்.

அக்டோபர் 6, வியாழன்

இன்று முழுநாளும் பந்தல் வேலை. எனக்குப் பரம சந்தோஷம், அண்ணாச்சி என் கையில் டேப்பைக் கொடுத்துவிட்டார்.

சுக்கோத், நம் பைபிளில் ‘கூடாரப் பண்டிகை’. எகிப்தை விட்டு வந்தவர்கள் பாலைவனத்தில் குடிசையில் இருந்ததை நினைத்து, ஏழு நாள் சுக்கா என்ற பந்தலில் குடியிருக்க வேண்டும். சாப்பிடுவது அங்கே, முடிந்தவர்களுக்குத் தூக்கமும் அங்கே. பந்தலுக்கு வைத்திருக்கிற விதிகளை எங்கள் துறையின் கையேட்டில் சேர்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உயரம் பத்துக் கைப்பிடிக்குக் குறையக்கூடாது, இருபது முழத்துக்கு மேல் போகக்கூடாது. சுவர் இரண்டு முழுசாகவும், மூன்றாவதற்கு ஒரு கைப்பிடி அகலமும் இருந்தால் போதும். வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும்.

"ஒரு கைப்பிடி எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்டேன். அங்கேதான் தகராறு. ஒரு ரபியின் கணக்கில் எட்டு. இன்னொருவர் கணக்கில் ஏறக்குறைய ஒன்பதரை. இருவருக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். சோழர் காலத்துப் பன்னிரண்டடிக் கோல், பதினாறடிக் கோல் மாதிரிதான்: கோல் மாறினால் குழி மாறும். கஷ்டமான பக்கத்துக்குக் கட்டிவிட்டால் இரண்டு பேருக்கும் சரி என்றார் அண்ணாச்சி.

கூரையில்தான் நுணுக்கம். மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டும், ஆனால் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பாத்திரம், பண்டமாகப் பயன்பட்டதாக இருக்கக் கூடாது. கோரைப்பாய் போடலாமா என்றேன். படுப்பதற்காக முடைந்த பாய் என்றால் ஆகாது, கூரைக்கென்றே முடைந்தது என்றால் ஆகும் என்று மிஷ்னாவிலேயே இருக்கிறதாம். அதே பாய், அதே கோரை. முடைந்தவன் மனதில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி! மட்டாஞ்சேரியில் தென்னங்கீற்று முடைந்து போட்டதை அவர் விரல்களாலேயே காற்றில் முடைந்து காட்டினார். எழுபது வருடமாக அந்த விரல்களுக்கு மறக்கவில்லை.

சுவர் சட்டங்களை நான் பிடித்தேன். கூரையை நான் போடலாமா என்று கேட்டேன். யூதர் அல்லாதவர் நிழலுக்கென்று போட்டதும் செல்லும், இருந்தாலும் தானே போடுவது விசேஷம் என்று ஏணியில் ஏறப் போனார். எழுபத்தெட்டு வயது. அவர் மனைவி கத்திய கத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து ஏறினான்.

அப்புறம் ஒரு சிக்கல். முற்றத்து ஓரத்தில் அத்திமரம். அதன் கிளை பந்தல் மேல் நீண்டிருக்கிறதா இல்லையா? மரத்துக்கு அடியில் சுக்கா கட்டினால் வீட்டுக்குள் கட்டியது போல, கணக்கில் வராது. ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் ஒரு நூலில் சாவிக்கொத்தைக் கட்டி, கிளை நுனியிலிருந்து தொங்கவிட்டேன். தூக்குக்குண்டு பொய் சொல்லாது. பந்தலின் மூலை ஒன்றரை அடி உள்ளே இருந்தது. எல்லோருமாகச் சட்டங்களைத் தூக்கி நகர்த்தினோம். மாடி வீடுகளில் இதே பிரச்சினைதான். அதனால்தான் இந்த ஊரில் சில குடியிருப்புகளில் பால்கனிகளை ஒன்றன் கீழ் ஒன்று வராமல் மாற்றி மாற்றி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் வானத்தைப் பார்க்க.

அக்டோபர் 7, வெள்ளி

சுக்கோத்தில் கையில் பிடித்து அசைக்கும் நான்கு இனம் வாங்கும் சந்தை. பேரீச்சையின் விரியாத குருத்து லுலாவ், மிர்ட்டில் என்ற வாசனைச் செடி மூன்று கொத்து, அலரி இரண்டு கொத்து (நம் அரளி அல்ல, வில்லோ மரம்; தமிழ் பைபிள் ‘ஆற்றலரி’ என்கிறது), எத்ரோக் பழம் ஒன்று. எத்ரோக் நம் நார்த்தங்காய்க்குச் சொந்தக்காரன். மூக்கில் வைத்தவுடன் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்தது.

நகைக்கடை தோற்றது போங்கள். ஆண்கள் கண்ணில் லென்ஸ் வைத்துப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். காம்புக்கு எதிர்முனையில் பித்தம் என்று ஒரு குட்டி முளை. அது இருந்து உடைந்திருந்தால் பழம் செல்லாது. வளரும்போதே உதிர்ந்து முளையில்லாமல் வந்திருந்தால் செல்லும். மேல் சரிவில் ஊசிமுனைக் கரும்புள்ளி இருந்தாலும் விலை இறங்கிவிடும். ஒரு பையன் நகத்தால் புள்ளியைச் சுரண்டப் போனான், அவன் அப்பா கையைத் தட்டிவிட்டார்.

இந்த வருடம் இன்னொரு சிக்கல். ஏழு வருடத்துக்கு ஒருமுறை நிலத்துக்கு ஓய்வு. போன மாதம் முடிந்த 5782 அந்த ஓய்வு வருடம். இப்போது சந்தையில் இருக்கிற பழம் அந்த வருடத்தில் காய்த்தது. அந்தக் காய்க்குப் புனிதம் உண்டு, வியாபாரம் செய்யக் கூடாது. அப்புறம் எப்படி விற்கிறார்கள்? மிஷ்னாவிலேயே வழி இருக்கிறது: லுலாவுக்குக் காசு கொடு, எத்ரோகை அவன் உனக்குப் பரிசாகத் தரட்டும். இன்றைக்கு வேறு ஏற்பாடும் இருக்கிறது. ரபிகளின் நீதிமன்றத்தின் பெயரில் தோட்டக்காரருக்குப் பறித்த கூலி, கொண்டுவந்த கூலி மட்டும். அண்ணாச்சி கொடுத்தது மொத்தம் நூற்று இருபது ஷெக்கல். "பழம் சும்மா" என்று கண்ணைச் சிமிட்டினார். பத்திரப் பதிவில் எத்தனையோ பார்த்தவன் நான், சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் பண்டிகை முடிந்தும் அந்தப் பழத்தைக் குப்பையில் போட மாட்டார்கள் என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றது. அவர் மனைவி ஜாம் போடுவாராம். உப்புப் போட்டு ஊறவைக்கும் பக்குவத்தை நான் சொல்லிக் கொடுத்தேன்.

மாலையில் சைரன், ஓய்வுநாள் தொடங்கிவிட்டது என்று. நாளைக்கு எழுத ஒன்றும் இருக்காது.

அக்டோபர் 9, ஞாயிறு

பௌர்ணமி. சுக்கோத் எப்போதும் பதினைந்தாம் நாள்தான். பந்தலுக்குள் பத்துப் பேர், முழங்கை இடிக்க உட்கார்ந்தோம். முதல் இரவு ரொட்டி அங்கேதான் சாப்பிட்டாக வேண்டும். கீற்று இடைவெளியில் நிலா. ஒவ்வொரு இரவும் ஒரு கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி வருவாராம். இன்று ஆபிரகாம், கடைசி நாள் தாவீது.

குளிர். என் பல் தந்தியடித்தது. மகள் சால்வை கொண்டுவரப் போனாள். சுக்காவில் வருந்துகிறவனுக்கு விலக்கு உண்டு, உள்ளே போங்கள் என்றார் அண்ணாச்சி. மழை வந்தால்? தட்டில் இருக்கும் கஞ்சி கெடுகிற அளவுக்குப் பெய்தால் எழுந்து போய்விடலாம். மிஷ்னாவில் அதற்கு ஓர் உவமை: எஜமானுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வந்த வேலைக்காரன் முகத்திலேயே எஜமான் குவளையை வீசி ஊற்றினால் எப்படி? இந்த நாளில் மழை அப்படி, ‘உன் சேவை வேண்டாம்’ என்பது போல. மழையைத் திட்டுகிற ஒரு வேதக்காரரை முதன்முதலாகப் பார்க்கிறேன்.

அக்டோபர் 10, திங்கள்

காலையில் நான்கு இனத்தையும் சேர்த்துப் பிடித்து ஆறு திசைக்கும் அசைத்தார்கள்: நாலு பக்கம், மேலே, கீழே. முதல் நாள் அது சொந்தப் பொருளாக இருக்க வேண்டும், இரவல் செல்லாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் இல்லை. அண்ணாச்சி தன்னுடையதை அவனுக்குப் பரிசாகவே கொடுத்தார், திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. பழைய கதை ஒன்று சொன்னார். கப்பலில் போன நான்கு ரபிகளுக்குள் ஒரே லுலாவ். அதை ஆயிரம் வெள்ளிக்கு வாங்கியிருந்த ரபான் கம்லியேல் அடுத்தவருக்குப் பரிசாகத் தர, அவர் அடுத்தவருக்குத் தர, நான்கு பேர் கை மாறி கடைசியில் அவரிடமே திரும்பி வந்ததாம். பையன் ஆசீர் சொல்லி, அசைத்து, "உங்களுக்குப் பரிசு" என்று திருப்பிக் கொடுத்தான்.

அக்டோபர் 13, வியாழன்

பண்டிகையின் நடுநாட்கள். இந்த நாட்களில் பாதி வேலை, பாதி விடுமுறை. மேற்குச் சுவரில் ஆசாரிய வம்சத்தார் ஆசீர்வதிப்பதைப் பார்க்கக் கூட்டத்தில் நசுங்கியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, சால்வைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை.

இன்று இஸ்ரேல் அருங்காட்சியகம். அண்ணாச்சியும் வந்தார். உள்ளே மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புறத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டு மரவேலை, செதுக்கிய கூரை. நம் பக்கத்துத் தச்சர் கைதான், பார்த்தவுடன் தெரிகிறது. சின்ன வயதில், தோரா வாசிப்பை முடித்துக் கொண்டாடும் சிம்காத் தோரா அன்று இதே கூரைக்குக் கீழே ஆடியிருக்கிறார். வாசலில் நின்று, யாரையும் பார்க்காமல், குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். காவலர் இரண்டடி முன்னால் வந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபர் 16, ஞாயிறு

ஹோஷானா ரப்பா, சுக்கோத்தின் ஏழாம் நாள். லுலாவோடு மேடையை ஏழு சுற்று. அப்புறம் ஐந்து அலரிக் கொத்தைக் கட்டி, தரையில் ஐந்து முறை அடிக்கிறார்கள். இலை சிதறுகிறது, பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முதல் நாள் சொன்ன ஞாயிற்றுக் கணக்கு இதுதான். வருடப் பிறப்பு ஞாயிறு என்றால் இந்த நாள் சனிக்கிழமையில் விழும், அலரி அடிக்க முடியாது. ஒரு கொத்து இலைக்காக ஒரு வருடத்தையே ஒரு நாள் தள்ளி வைக்கிறார்கள்.

அக்டோபர் 17, திங்கள்

இரவு பதினொன்று. பெட்டி கட்டியாகிவிட்டது.

சிம்காத் தோரா. சுருள்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள், சந்தெல்லாம் பாட்டு. உபாகமத்தின் கடைசி வரியை வாசித்து முடித்து, மூச்சு விடாமல் ஆதியாகமத்தின் முதல் வரிக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரியில் இதற்கு இரண்டு நாள், இங்கே ஒரே நாள். பழைய காலத்தில் பிறை பார்த்த செய்தியை ஆள் அனுப்பிச் சொல்வார்கள்; தூரத்து ஊருக்கு நேரத்தில் செய்தி போகாது, எந்த நாள் என்ற சந்தேகத்துக்கு இரண்டு நாளும் கொண்டாடிவிடுவார்கள். கணக்கு வந்த பிறகும் வழக்கம் போகவில்லை.

இன்றுதான் மழைப் பிரார்த்தனையும். ‘மழை பொழிவிப்பவரே’ என்ற புகழ்ச்சி இன்று தொடங்கிவிட்டது. ஆனால் ‘மழை கொடு’ என்று கேட்பது இன்னும் பதினைந்து நாள் கழித்துத்தான், நவம்பர் ஒன்றாம் தேதி வாக்கில். ஏன் என்று கேட்டேன். ஜெருசலேமில் பழைய ஆலயம் இருந்த காலத்தில் பண்டிகைக்கு நடந்து வந்தவர்களில் கடைசி ஆள் யூப்ரடீஸ் நதியை எட்ட அத்தனை நாள் ஆகும். அவன் வழியில் நனையக் கூடாது.

அண்ணாச்சி வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பந்தலின் கயிற்றுச் சுருள், நாளைக்குப் பிரிக்க. "சாரே, நீங்க வீடு போய்ச் சேர எத்தனை நாள்?" என்றார். நாளை மறுநாள் காலையில் சேர்ந்துவிடுவேன் என்றேன். அங்கே நாளைக்கு ஐப்பசி பிறக்கிறது, மழைதான் என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். பத்து வயதுக்குள் கற்றுக்கொண்ட சொற்களுக்குள் தேடுகிறார் என்று தெரிந்தது.

"துலாவர்ஷம்" என்றார்.